உயிரோடு விட்ட பிறகு யார் பொறுப்பு? ஆர்பிஜி கேம்களில் கறைபடிந்தவர்களின் கணக்கு

'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' (2009) கேமில் செவ்ரன் என்ற கூலிக் கொலைகாரன் நடுவழியில் உங்கள் குழுவுக்கு வலை விரிப்பான். தோற்றுப்போய் மயங்கிக் கிடந்தவன் கண் விழித்ததும், தன்னைக் கொல்ல வேண்டாம், உங்களோடு சேர்ந்துகொள்கிறேன் என்பான். முடித்துவிடலாம், போகவிடலாம், கூட்டிக்கொண்டு போகலாம். கேம் அங்கே தரும் வழிகள் இவ்வளவுதான். கூட்டிப்போகிறவர்களில் பலர் அதோடு அந்தக் கதை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். பல மணி நேரம் ஆடிய பிறகு டெனரிம் நகரத்தில் அவனுடைய பழைய கூட்டாளி டாலியெசன் எதிரே வந்து நின்று, திரும்பி வந்துவிடு என்று அழைப்பான். இடைப்பட்ட காலத்தில் முகாமில் செவ்ரனிடம் உட்கார்ந்து பேசினீர்களா, அவனுக்குப் பிடித்த பரிசு எதையாவது கொடுத்தீர்களா, சண்டைக்கு அழைத்துப் போனீர்களா என்பதெல்லாம் 'அப்ரூவல்' என்ற எண்ணாகச் சேர்ந்திருக்கும். எண் நன்றாக ஏறியிருந்தால் உங்கள் பக்கம் நின்று பழைய நண்பனோடு மோதுவான். கண்டுகொள்ளாமல் வெறுப்பேற்றி வைத்திருந்தால் கத்தி உங்கள் பக்கம் திரும்பும்.

கொல்வதா விடுவதா என்று வந்தவுடன் பெரும்பாலோர் எடைபோடுவது குற்றத்தைத்தான். எத்தனை பேரைக் கொன்றான், எதற்காகக் கொன்றான், வருந்துகிறானா என்று பார்ப்பார்கள். அது பாதிக் கணக்கு. மீதிப் பாதி, விட்ட பிறகு அந்த ஆள் யார் பொறுப்பில் இருப்பான் என்பது. நல்ல ஆர்பிஜிகள் (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கேம்கள்) இந்தக் கேள்வியைத்தான் உண்மையில் கேட்கின்றன. மோசமானவை அதைக் கேட்காமலே நல்லவன் புள்ளி, கெட்டவன் புள்ளி என்று பிரித்துப் போட்டு நகர்ந்துவிடும். இந்தக் கட்டுரையில் பல கேம்களின் முடிவுகள் வெளிப்படையாக வரும். ஆடாதவர்கள் அந்தந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நிராயுதபாணியாக நின்ற இராவணனிடம் இராமன் சொன்ன "இன்று போய் நாளை வா" நமக்கெல்லாம் பழமொழியாகவே ஆகிவிட்டது. கேம் மொழியில் அதன் பொருள் தெளிவானது: எதிரியின் சக்தி அப்படியே இருக்கிறது, காவல் இல்லை, நிபந்தனை இல்லை, நாளைக்கு அடுத்த சுற்று உறுதி. வீடணன் அடைக்கலம் கேட்டு வந்தது முற்றிலும் வேறு. அங்கே சுக்ரீவன் நம்ப வேண்டாம் என்றான், அனுமன் ஏற்கலாம் என்றான், கடைசியில் ஒருவன் பொறுப்பேற்றான். உயிரோடு விடுவதில் இப்படி வெவ்வேறு வகை உண்டு. வெறுமனே போகவிடுவது ஒன்று. ஒரு காவலிடமோ நீதியிடமோ ஒப்படைப்பது இன்னொன்று. கூடவே வைத்துக்கொள்வது மூன்றாவது. திரையில் மூன்றுக்கும் ஒரே பொத்தான் இருந்தாலும் விளைவு ஒன்றாக இருக்காது. பொத்தானை அழுத்துமுன் இது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

லோகெய்ன்

இந்த விஷயத்தில் இன்றுவரை அலசத் தகுந்த பாத்திரம் அதே 'ஒரிஜின்ஸ்' கேமின் லோகெய்ன். ஆஸ்டகர் போரில் மன்னன் கெய்லனையும், அரக்கப் படையை எதிர்ப்பதற்கென்றே இருக்கும் கிரே வார்டன்கள் என்ற வீரர்களையும் சாகவிட்டுத் தன் படையைப் பின்வாங்கியவன். பழியை வார்டன்கள் தலையிலேயே போட்டான். போர்ச் செலவுக்காகத் தலைநகரின் எல்ஃப் குடியிருப்பிலிருந்து ஆட்களை அடிமை வியாபாரிகளுக்கு விற்க அனுமதித்தான். அதே ஆள்தான் இளமையில் அந்நியர் ஆட்சியிலிருந்து நாட்டை மீட்ட வீரன். நாட்டின் மீது அவனுக்கிருந்த பற்று பொய்யில்லை. அந்தப் பற்றே அவனைக் கெடுத்தது.

பிரபுக்கள் கூடும் லேண்ட்ஸ்மீட் சபையில் ஒற்றைக்கு ஒற்றை நின்று அவனைத் தோற்கடித்த பிறகு, ரியோர்டன் என்ற மூத்த வார்டன் ஒரு யோசனை சொல்வார்: இவனைக் கொல்லாமல் வார்டனாக்கிவிடலாம். அதற்கான சடங்கில் கறைபட்ட இரத்தத்தைக் குடிக்க வேண்டும். பலர் அதிலேயே செத்துப்போவார்கள். பிழைத்தவனும் ஆயுள் முழுக்க அந்தக் கறையைச் சுமக்க வேண்டியதுதான். ஆக இது மன்னிப்பு இல்லை, ஆயுள் பணி. பொறுப்பேற்கும் அமைப்பு வார்டன்கள். கணக்கு இதுவரை ஒழுங்காகத்தான் இருக்கிறது.

விலை வேறு இடத்தில் விழுகிறது. ஆட்டம் முழுக்க உங்களோடு நடந்து வந்த அலிஸ்டர் இதை ஏற்கமாட்டான். அவனுடைய குருவும் தோழர்களும் ஆஸ்டகரில் செத்தவர்கள். நீங்கள் லோகெய்னை ஏற்றால் அவன் குழுவை விட்டுப் போய்விடுவான், திரும்பி வரமாட்டான். முன்பே அவனுடைய தனிப்பட்ட குவெஸ்டில் (கேம் தரும் பணியில்) மனத்தைத் திடப்படுத்தி, லோகெய்னின் மகள் அனோராவைத் திருமணம் செய்ய ஒப்புக்கொள்ள வைத்திருந்தால் அரசனாக நீடிப்பான். அப்போதும் உங்கள் பக்கத்தில் நின்று சண்டையிடமாட்டான். எனக்கு இந்த வடிவமைப்பு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் கருணைக்கான விலையை எதிரி கொடுப்பதில்லை, பாதிக்கப்பட்டவனே கொடுக்கிறான் என்பதை இது மறைக்காமல் காட்டுகிறது. எந்தத் தீர்ப்புக்கும் முன்னால், கூட நிற்பவர்களில் யாருக்கு இவன் கடன்பட்டிருக்கிறான் என்று கேட்டுவிட வேண்டும். மன்னிக்கும் உரிமை உங்களுடையது இல்லாமலும் இருக்கலாம்.

இதே கேமில் இதற்கு நேர் எதிரான பிழையும் இருக்கிறது. ரெட்கிளிஃப் கோட்டையில் பேய் பிடித்த கானர் என்ற சிறுவனைக் கொல்லலாம், அவன் தாய் இசோல்டின் உயிரைப் பலியாக்கி இரத்த மந்திரத்தால் பேயை எதிர்கொள்ளலாம், அல்லது மந்திரவாதிகளின் கோபுரத்துக்குப் போய் உதவி கேட்டு வரலாம். மூன்றாவது வழியில் ஏரி கடந்து போய்வரும் நேரமெல்லாம் பேய் சும்மா காத்திருக்கும். கிராமத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. கோபுரத்து மந்திரவாதிகளை முன்பே காப்பாற்றி வைத்திருந்தவருக்கு எல்லோரும் பிழைக்கும் வழி இலவசமாகக் கிடைக்கிறது. விலையில்லாத மூன்றாவது கதவு திறந்திருக்கும்போது முதல் இரண்டு கதவுகளும் வெறும் அலங்காரம்தான்.

சக்தி, காலம், சாட்சி

'ஸ்கைரிம்' (2011) கேமின் பார்த்தர்னாக்ஸ் என்ற டிராகன் குற்றவாளியா என்பதில் சந்தேகமே இல்லை. டிராகன்கள் மனிதரை அடிமையாக ஆண்ட காலத்தில் அவற்றின் தலைவன் ஆல்டுயினின் வலக்கை. பிறகு கட்சி மாறி, மனிதருக்குக் குரல் மந்திரத்தைக் கற்றுக்கொடுத்து, மலையுச்சியில் தனிமையில் பல காலம் இருந்துவிட்டது. டிராகன்களை வேட்டையாடும் பிளேட்ஸ் அமைப்பின் டெல்ஃபினும் எஸ்பெர்னும் அதைக் கொன்றுவிட்டு வா என்பார்கள்; மறுத்தால் அவர்களுடைய உதவி நின்றுபோகும். கொன்றால் மலையில் இருக்கும் கிரேபியர்ட்ஸ் துறவிகள் முகம் திருப்புவார்கள்.

இங்கே பார்க்க வேண்டியது வருத்த வசனத்தை இல்லை. தன் இயல்போடு தினமும் போராடுவதாகவும், தன்னை நம்பாமலிருப்பது சரிதான் என்றும் அதுவே சொல்லும். பேச்சை நம்பத் தேவையில்லாத அளவுக்கு நடத்தை முன்னால் கிடக்கிறது: சக்தி முழுதாக இருந்தும் நீண்ட காலம் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. சக்தியிழந்தவன் திருந்தியதாகச் சொல்வதற்கும் சக்தியோடு இருப்பவன் அடங்கியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தோற்று மண்டியிட்டவனின் வருத்தத்துக்கு என் கணக்கில் மதிப்பு குறைவு. கழுத்தில் கத்தி இருக்கும்போது எல்லோரும் வருந்துவார்கள்.

நடைமுறையில் ஒன்று: அந்தக் குவெஸ்டை முடிக்காமல் விட்டாலும் முதன்மைக் கதை நிற்காது. குவெஸ்ட் பட்டியலில் அது அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். டெல்ஃபினை எதிர்த்து 'முடியாது, இதுதான் என் முடிவு' என்று சொல்லும் வழியை உருவாக்கியவர்கள் வைக்கவில்லை. அந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே 'த பார்த்தர்னாக்ஸ் டிலெமா' என்ற மோட் (ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) வந்து, பெரும் வரவேற்பைப் பெற்றது. மறுப்பையும் ஒரு முடிவாக ஏற்காத கேம் ஆடுபவரை எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதற்கு அதுவே சான்று.

'மாஸ் எஃபெக்ட்' தொடரை சிங்கப்பூரில் இருப்பவர்கள் தனியாக நினைவு வைத்திருப்பார்கள். 2007 நவம்பரில் ஒரு மனிதப் பெண்ணுக்கும் வேற்றுக்கிரகப் பெண்ணுக்கும் இடையிலான காட்சிக்காக அப்போதைய ஊடக வளர்ச்சி ஆணையம் முதல் பாகத்தைத் தடைசெய்து, சில நாள்களிலேயே எம்18 தரத்தோடு (18 வயதும் அதற்கு மேலும்) அனுமதித்தது. கேம்களுக்கான வகைப்பாட்டுத் திட்டம் முறையாக நடப்புக்கு வந்தது அடுத்த ஆண்டு, 2008 ஏப்ரலில். அந்தப் பரபரப்பில் அதிகம் பேசப்படாமல் போன காட்சி, நோவேரியா கிரகத்தில் ராக்னி என்ற பூச்சி இனத்தின் அரசி கண்ணாடிக் கூண்டில் நிற்பது. அவள் இனம் ஒரு காலத்தில் விண்மண்டலத்தையே அழிக்கப் பார்த்தது. அமிலத்தைத் திறந்து கொல்லலாம், கூண்டைத் திறந்து விடலாம். காவலில் வைக்கும் வழி இல்லை.

மூன்றாம் பாகத்தில் (2012) இந்தக் கணக்கு திரும்பி வருகிறது. முன்பு விட்டிருந்தால் அதே அரசி எதிரியின் பிடியில் சிக்கியிருப்பாள். மறுபடியும் காப்பாற்றினால் அவளுடைய வேலையாட்கள் உங்கள் போர்ப் பணிக்கு வந்து சேர்வார்கள். முன்பு கொன்றிருந்தால் எதிரி செயற்கையாக உருவாக்கிய ஓர் அரசி அங்கே இருப்பாள். அவளை விட்டால் பிறகு துரோகம் நடக்கும், உங்கள் பொறியாளர்கள் சாவார்கள். கொன்றவருக்கும் அதே மாதிரி ஓர் இடம் வர வேண்டும் என்பதற்காகச் செயற்கை அரசியை நுழைத்தது கதைக்குச் சற்று வலிந்த வேலைதான். ஆனாலும் ஒரு நியாயம் அதில் உண்டு: ஒரே முகம், ஒரே கெஞ்சல், வேறு ஆள். முன்பு கருணை பலித்தது என்பதற்காக அடுத்தவரிடமும் பலிக்கும் என்றில்லை.

சாட்சி போதாமல் தீர்ப்பு சொல்வதன் ஆபத்தை 'பெர்சோனா 4' (2008) போல வேறெதுவும் உணர்த்தவில்லை. மருத்துவமனை அறை. கடத்தல்காரன் நாமதாமே படுக்கையில். சிறுமி நானாகோவின் இதயம் சற்று முன்புதான் நின்றிருக்கிறது. நண்பர்கள் ஆத்திரத்தில் அவனைத் தொலைக்காட்சிக்குள் (இந்தக் கேமில் அது ஆபத்தான வேறோர் உலகத்தின் வாசல்) தள்ளிக் கொல்ல நிற்கிறார்கள். உங்களுக்கு வரும் பதில்கள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏதோ பொருந்தவில்லை, நாம் எதையோ தவறவிட்டோம் என்ற திசையில் ஒவ்வொன்றையும் தேர்ந்து, கடைசியில் நண்பர்களை அதட்டி அமைதிப்படுத்த வேண்டும். நடுவில் தவறினால் மோசமான முடிவுதான், உண்மையான கொலைகாரன் வெளியே வரவேமாட்டான். அந்த இடத்துக்குப் போகுமுன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே கேட்கப்படுவது இரக்கம் இல்லை, பொறுமை. நாமதாமே அப்பாவி இல்லை; ஆனால் நீங்கள் நினைத்த குற்றத்தைச் செய்தவனும் இல்லை.

அடிக்காமல் அடிப்பது எப்படி

'பால்டர்ஸ் கேட் 3' (2023) இந்த விஷயத்தில் கருவியையே கையில் கொடுத்துவிடுகிறது, அதனால் தவறுகளும் அங்கேதான் அதிகம். திரையின் கீழ்ப் பட்டையில் பாஸிவ்ஸ் பகுதியில் 'நான்-லீதல்' என்ற ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு அடித்தால் கடைசி அடியில் எதிரி சாகாமல் மயங்குவான். முதல் சிக்கல், அந்த சுவிட்ச் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி. ஒருவருக்கு ஆன் செய்துவிட்டு நால்வருக்கும் ஆனது என்று நினைத்தால், நகரும் எதிரிமேல் இன்னொருவர் தானாக வைக்கும் அடியிலேயே எல்லாம் முடிந்துபோகும். இரண்டாவது, அது கையால் அல்லது கைப்பிடி ஆயுதத்தால் அருகில் நின்று அடிப்பதற்கு மட்டுமே செல்லும். அம்பு, எறிந்த ஈட்டி, மந்திரம் எதற்கும் செல்லாது. மூன்றாவது, வரவழைத்த ஓநாயும் தீப்பிடித்த தரையும் உங்கள் சுவிட்சைக் கேட்பதில்லை. மயங்கியவனிடம் மிஞ்சியிருப்பது 1 உயிர்ப்புள்ளிதான். அவன் கிடக்கும் இடத்தில் நெருப்பு இருந்தால் அதுவும் போய்விடும். கடைசிச் சுற்றில் தீ எறிவதை நிறுத்திவிட்டு, உயிர்ப்புள்ளி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் அருகில் நிற்கும் ஒருவரிடம் மட்டும் அடியை விடுவதுதான் பாதுகாப்பு.

கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் முகாமில் தலைவர்களில் ஒருத்தியான மிந்தாராவைக் குழுவில் சேர்க்க, முதலில் ட்ரூயிட் என்ற இயற்கைப் பூசாரிகளின் தோப்பைச் சூறையாடி அவள் பக்கம் சேர வேண்டியிருந்தது. பின்னர் வந்த பேட்ச்களுக்குப் பிறகு, அவளை முகாமிலேயே மயக்கிவிட்டால் இரண்டாம் அங்கத்தில் மூன்ரைஸ் கோபுரத்தில் அவள் விசாரணைக்கு நிறுத்தப்பட்டிருப்பதைப் பார்க்கலாம், அங்கிருந்து மீட்கலாம். அவள் தலைக்குள் வேறொருவரின் கட்டளை ஓடியது அதன் பிறகுதான் தெளிவாகும். ஆனால் மயக்கியவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பின்கதை எழுதப்பட்டிருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. சில பாத்திரங்களுக்கு மயக்கமும் சாவும் கேம் கணக்கில் ஒன்றுதான்.

காகா என்ற ட்ரூயிட் தலைவி வேறு மாதிரி. அகதிகளை விரட்டி, தோப்பை அடைக்க நினைப்பவள், திருடிய சிறுமியைப் பாம்பு முன் நிறுத்தியவள். நேராக அவளிடம் பேசிப் பயனில்லை. அவள் இருக்கும் இடத்திலேயே மறைத்து வைத்த குறிப்பைக் கண்டெடுத்து, அது காட்டும் சதுப்பு நிலத்து மரத்தில் ஷேடோ ட்ரூயிட்களின் கடிதத்தை எடுத்து வந்து முன்னால் வைக்க வேண்டும். அதன் பிறகு சரியாகப் பேசி, பகடையும் ஒத்துழைத்தால், அவள் தன்னைத் தூண்டிவிட்டவர்களுக்கு எதிராக உங்களோடு நின்று போராடுவாள். ஆதாரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு வரும் மனமாற்றம் இது; அதுதான் நம்பும்படி இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் விடக் கனமானது மூன்றாம் அங்கத்தில் கசடோர் என்ற வாம்பயர் தலைவனின் மாளிகைக்கு அடியில் இருக்கிறது. 7,000 வாம்பயர் அடிமைகள் கூண்டுகளில். அவர்களில் பலரை ஏமாற்றிக் கூட்டி வந்தது உங்கள் தோழன் அஸ்டாரியனேதான். அவர்களைப் பலி கொடுத்து அவன் சக்தி பெறலாம். மறுத்தால், 7,000 பேரையும் அழிப்பதா, இருண்ட பாதாளத்துக்குள் திறந்துவிடுவதா என்ற கேள்வி நிற்கும். அவர்களுக்கு இரத்தப் பசி இருக்கிறது. காவலும் இல்லை, உணவும் இல்லை. திறந்துவிடுவது கருணை போலத் தோன்றும். பாதாளத்தில் குடியிருப்பவர்கள் அப்படி நினைப்பார்களா? வழிநடத்த அஸ்டாரியனின் உடன்பிறந்த அடிமைகள் கூடப் போவதால்தான் அந்தத் தேர்வு கொஞ்சமாவது நிற்கிறது. கட்டாயத்தால் தவறு செய்தவனுக்கு மன்னிப்பு உண்டு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவனால் பாதிக்கப்பட்டவர்கள் 7,000 பேராக எதிரில் நிற்கும்போதுதான் அந்தச் சொல்லின் எடை தெரிகிறது.

கொல்லாமல் விடுவதே எப்போதும் மென்மையானது என்றும் இல்லை. கிட்டத்து உறவான 'டிஸ்ஆனர்ட்' (2012) கேமில் பெண்டில்டன் சகோதரர்களைக் கொல்லாமல் முடிக்கும் வழி, அவர்களுடைய நாக்கை அறுத்து, மொட்டையடித்து, அவர்களுடைய சொந்தச் சுரங்கத்திலேயே அடிமையாகத் தள்ளுவது. கேம் அதைக் குறைந்த குழப்பம் என்று, அதாவது நல்லவன் கணக்கில், குறித்துக்கொள்ளும். எண்ணை நம்பி மனத்தைச் சமாதானம் செய்ய வேண்டாம்.

எதுவுமே ஊகிக்க முடியாத இடங்களும் உண்டு. 'விட்சர் 3' (2015) கேமில் மரத்தடி ஆவியை விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள், டவுன்வாரன் ஊர் அழியும், அந்தப் பகுதியை ஆளும் 'பிளடி பாரன்' என்பவனின் மனைவி அன்னா சபிக்கப்பட்டுச் சாவாள், பாரன் தூக்கில் தொங்குவான். கொன்றால் குழந்தைகள் போவார்கள், அன்னா சித்தம் கலங்கியவளாகப் பிழைப்பாள். அங்கே சரியான விடை தேடி ரீலோட் செய்து பயனில்லை. ஆனால் அதே கேம் பழைய பொறுப்பை மறப்பதில்லை. ஆட்டத்தைத் தொடங்கும்போது இரண்டாம் பாகத்தின் 'சேவ்' இருப்பதுபோலப் பாவிக்கும் தேர்வை ஆன் செய்து, விசிமா அரண்மனையில் முகச்சவரத்தின்போது கேட்கப்படும் கேள்விகளில், அரசர்களைக் கொன்ற லெத்தோவை உயிரோடு விட்டதாகச் சொன்னால், அவனைப் பிறகு சந்திக்கலாம், கேர் மோரன் கோட்டைப் போருக்கு அழைக்கலாம்.

'அண்டர்டேல்' (2015) பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. மற்ற அரக்கர்களை உயிர் குறைத்துப் பிறகு விடுவது பழகிப்போனவர்கள், தொடக்கத்தில் உங்களைத் தாய் போலப் பார்த்துக்கொள்ளும் டோரியலையும் அப்படியே அடிப்பார்கள். அவள் உயிர் குறைந்த கட்டத்தில் ஒரே அடி மிகப் பெரிதாக விழுந்து கொன்றுவிடும். அவளை உயிரோடு விடுவதற்கு ஒரே வழி, ஒன்றும் நடக்காதது போலத் தோன்றினாலும் 'ஸ்பேர்' என்பதையே விடாமல் திரும்பத் திரும்ப அழுத்துவது. உங்கள் உயிர் குறைந்ததும் அவளுடைய தீப்பந்துகள் உங்களைத் தவிர்த்து விலகிப் போவதைப் பார்க்கலாம். கொன்றுவிட்டு ரீலோட் செய்து காப்பாற்றினாலும் ஃப்ளவி என்ற பூ அதைச் சொல்லிக் காட்டும்.

மேசையில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆர்பிஜியில் சேவ் கிடையாது, எதிரே இருப்பவர்கள் மனிதர்கள். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையாக இருந்தாலும், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் போர்ட் கேம் கஃபேயாக இருந்தாலும், கைதி விவாதம் தொடங்கிவிட்டால் அன்றைய அமர்வு அதிலேயே போய்விடும். பேச்சு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

"அண்ணே, கடைசி ஆள மயக்கிட்டேன்னு வச்சுக்குங்க."

"அம்புதானே விட்ட, தம்பி? அம்புல மயக்க முடியாது. ஆள் செத்தாச்சு."

"அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

முன்னாடியே சொல்லிவிட வேண்டும் என்பதே சரி. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 2014 விதிப்படி, அருகில் நின்று அடித்து 0 உயிர்ப்புள்ளிக்குக் கொண்டுவரும்போது மட்டும் மயக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம். எதிரி நிலையாக மயங்கிக் கிடந்து, 1 முதல் 4 மணி நேரத்தில் 1 உயிர்ப்புள்ளி பெறுவான். 2024 விதியில் அவன் 1 புள்ளியோடு மயங்கி, குறுகிய ஓய்வில் இறங்குவான். ஒரு மணி நேரத்தில் விழித்துவிடுவான். 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பில் கொல்லும் ஆயுதத்தால் கொல்லாமல் அடிக்க, தாக்கும் பகடையில் 2 கழியும். எந்தப் பதிப்பு என்று முதல் அமர்விலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

எதிரிகள் எப்போது சரணடைவார்கள் என்பதற்கும் விதி இருக்கிறது. பல ஜிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) அதைப் பயன்படுத்தாமல், கடைசி கோப்ளின் வரை சாகவிட்டு, ஆடுபவர்கள் இரக்கமில்லாதவர்கள் என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். 1981-இன் பேசிக் விதியில் ஒவ்வொரு அரக்கனுக்கும் 2 முதல் 12 வரை மனவுறுதி எண் உண்டு. ஒரு தரப்பில் முதல் ஆள் விழுந்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும், இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். கோப்ளினுக்கு 7. தாண்டும் வாய்ப்பு 36-இல் 15. அவர்களுடைய அரசன் கூட இருந்தால் எண் 9 ஆகும், வாய்ப்பு 36-இல் 6-க்கு இறங்கிவிடும். தலைவனை முதலில் வீழ்த்தினால் மற்றவர்கள் உயிர் பிழைக்கிறார்கள். இதை ஆடுபவர்கள் கண்டுகொண்டால் கருணையே ஒரு போர்த் தந்திரமாகிவிடும்.

சரணடைந்த பிறகு பொறுப்பைப் பொருள்களாலும் மணிகளாலும் காட்டுங்கள். 2014 விலைப்பட்டியலில் 50 அடி சணல் கயிறு 1 தங்கக் காசு. அதை அறுக்க வலிமைச் சோதனையில் பகடை 17-ஐ எட்ட வேண்டும். கைவிலங்கு 2 தங்கக் காசு. நழுவவோ உடைக்கவோ 20, கருவி வைத்துப் பூட்டைத் திறக்க 15. கைதிக்கான உணவு நாளைக்கு 5 வெள்ளிக் காசு. இரவில் 8 மணி நேர ஓய்வில் நால்வர் ஆளுக்கு 2 மணி நேரம் காவல் நின்றால் சரியாக வரும், யாருடைய ஓய்வும் கெடாது. மூவராக இருந்தால் இடைவெளி விழும், அந்த இடைவெளியில்தான் கைதி முயற்சி செய்வான். உண்மை பேச வைக்கும் 'ஸோன் ஆஃப் ட்ரூத்' மந்திரம் 10 நிமிடம் நிற்கும். எதிரி அதற்கு அகப்பட்டானா என்று மந்திரம் போட்டவருக்குத் தெரியும். ஆனால் அகப்பட்டவனும் பொய் சொல்லாமல் மழுப்பலாம், ஆகவே ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள்.

அதைவிடப் பெரிய பிழை ஜிஎம் பக்கத்தில் நடக்கிறது. விட்டவன் ஒவ்வொருவனும் பின்னால் வந்து குத்தினால், மூன்றாவது தடவைக்குப் பிறகு யாரையும் விடமாட்டார்கள்; அது ஆடுபவர்களின் குணம் இல்லை, நீங்கள் கற்றுக்கொடுத்த பாடம். விட்டவன் ஒவ்வொருவனும் நன்றியோடு திரும்பி வந்தாலும் முடிவுக்கு எடை இருக்காது. என் பரிந்துரை: மூவரை விட்டால் ஒருவன் உதவட்டும், ஒருவன் அப்படியே காணாமல் போகட்டும், ஒருவன் மட்டும் பழைய வழிக்குத் திரும்பட்டும். அவன் திரும்பியதற்கும் காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: வேலை கிடைக்கவில்லை, பழைய கூட்டம் மிரட்டியது, ஊர் ஏற்கவில்லை. சிங்கப்பூரில் 2004 முதல் நடக்கும் மஞ்சள் ரிப்பன் திட்டம் சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு வேலையும் குடும்பமும் சமூகமும் வேண்டும் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. கற்பனை உலகத்துக் கொள்ளைக்காரனுக்கும் அந்தத் தேவைகள் மாறாது. உங்கள் வரைபடத்தில் ஒப்படைக்க ஓர் ஊர்க்காவலோ, கோயிலோ, கைதியைக் கூலிக்கு ஏற்கும் பண்ணையோ இல்லையென்றால், ஆடுபவர்களிடம் இருப்பது கொல்வதும் அவிழ்த்துவிடுவதும் மட்டுமே. முதல் அமர்வுக்கு முன்பே அப்படி ஓர் இடத்தை எழுதி வையுங்கள்.

விவாதத்துக்கு 10 நிமிடம் என்று மணிக்கூட்டை வைத்துவிடுங்கள், கடைசி எம்ஆர்டிக்கு ஓட வேண்டியவர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு முறை பேசட்டும், அந்தக் கைதியால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட பாத்திரம் கடைசியாகப் பேசட்டும். அதற்குப் பிறகு வாக்கு. விடுவது என்று முடிவானால், கைதியை யார் கட்டிக் கூட்டிப் போவது, எங்கே, எத்தனை நாள் என்று ஒருவர் தன் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். யாரும் கை தூக்கவில்லையென்றால் அந்த வாக்கு செல்லாது, மறுபடியும் பேச வேண்டும். கை தூக்கியவரின் பெயரையும் கைதியின் பெயரையும் குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டால், ஐந்தாறு அமர்வுகள் கழித்து அவன் மறுபடி வரும்போது யாரைப் பார்த்து முதலில் பேசுவான் என்பது ஜிஎம்முக்குத் தெரிந்திருக்கும்.